செவ்வாய்க்கிழமைக்கு முழுப் பேர்

சித்திரை மழை வெறித்ததும் மடுல்சீமைக்கு மேலே கருங்கல்மலைத் தோட்டம் முழுக்கக் கொழுந்து ஏறி நின்றது. போன வாரம் கிள்ளிய செடி, கை படாத செடியைப் போலத் தலை நிறைத்திருந்தது. இந்த நாட்களில் ஒரு மலையைத் தள்ளிப் போட்டால் இலை முற்றிவிடும். முற்றிய இலையைத் தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். அதனால் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் விடியும்போதே சத்தம் கூடுதலாக இருக்கும். துரை கணக்கப்பிள்ளையை விரட்டுவார். கணக்கப்பிள்ளை கங்காணிமாரை விரட்டுவார். கங்காணிமார் பெண்களை விரட்டுவார்கள்.

ரெங்கம்மா மட்டும் யாரையும் விரட்ட மாட்டாள். தோட்டத்தின் மேல் பிரிவில் அவள்தான் முதல் பெண் கங்காணி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்த கை. அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தபோது ஆண் கங்காணிமார் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கூட்டத்துக் கொழுந்தில் காம்பு இருக்காது, முற்றல் இருக்காது. நிறுவையில் குறையும் இருக்காது.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். மலையில் ஏறிவிட்டால் சொந்தம் கிடையாது. அவள் கூட்டத்தில்தான் அவளுடைய மருமகள் தயானியும் கொழுந்து பறித்தாள். வீட்டில் அவள் தயானி. மலையில் அவள் "கல்லு நெர". பாறை துருத்தி நிற்கும் ஒரு செங்குத்தான நிரையை வேறு யாருக்குக் கொடுத்தாலும் முணுமுணுப்பு வரும் என்று ரெங்கம்மா அதை மருமகளுக்கே கொடுத்திருந்தாள். "ஏ கல்லு நெர, மட்டம் பாத்துக் கிள்ளு" என்று கூப்பிடுவாளே தவிர, என் மருமகள் என்று ஒரு நாளும் மலையில் சொன்னதில்லை.

"கங்காணிக்கு மருமகளா வாக்கப்பட்டதுக்கு, நீ அந்தக் கல்லுக்கே வாக்கப்பட்டிருக்கலாம்டி" என்பாள் பக்கத்து நிரை காமாட்சி. தயானி சிரிப்பாள். கல் பேசாது, மாமி பேசும், அதுதான் வித்தியாசம் என்று திருப்பிச் சொல்வாள்.

தயானி உயர்தரம் வரை படித்தவள். புருசன் அஜந்தன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தான். மகள் பவிஷாவுக்கு இரண்டு வயது நடந்தது. மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவளை விட்டுவிட்டுத்தான் தயானி பெரட்டுக்குப் போவாள். அங்கே பொறுப்பாக இருந்த அம்மா ஓய்வுக்குப் போகப் போகிறார். அந்த இடத்துக்கு நேர்முகம் வைத்துத் தயானியைத் தெரிவு செய்திருந்தார்கள். அக்டோபரில் பதுளையில் பயிற்சி தொடங்குகிறது. ஆறு மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முடித்து வந்தால், காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் பிறந்து பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக வரும் முதல் ஆள் அவள்தான். அஜந்தன் இதைக் கேட்ட அன்று கடை முதலாளி முதல் லொறிக்காரன் வரை எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

பயிற்சி முடியும்வரை அடுத்த பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அதற்குத்தான் தயானி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மடுல்சீமையிலிருந்து மிட்வைஃப் ஸஜீதா வந்து அங்கே கிளினிக் வைப்பார். ஊசிக்குக் காசு கிடையாது, அரசாங்கம் கொடுப்பது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அந்த லயத்துக்குத் தெரியும். நாட்டில் டொலர் தீர்ந்துபோன அந்த வருடத்தில் ஊசியும் வராமல் போனது. டவுன் பார்மசியில் கிடைத்தபோது விலை எட்டவில்லை. அடுத்த வருடம் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் வரிசையாகத் தொட்டில் கட்டினார்கள். காமாட்சியின் கடைசிப் பையன் அந்த வருடத்துப் பிள்ளை. "இவன் பேரே டொலர்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவனுக்குப் பிறகு அவள் மகளின் படிப்பு நின்றது. அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள்.

இப்போது ஊசி தவறாமல் வந்தது. கிளினிக் காலை பத்து மணிக்கு. பகல் நிறுவைக்கு முன்னால் யாராவது மலையை விட்டு இறங்கினால், அன்று அவளுக்கு முழு நாள் சம்பளமான முழுப் பேர் பதிய மாட்டார்கள், அரைப்பேர்தான். அதுவும் கங்காணி விட்டால்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று பேர் போகக் கேட்டார்கள். இரண்டு பேர் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட. மூன்றாவது தயானி. அன்று மலை முழுக்க இலை நின்றது, கணக்கப்பிள்ளை நல்லையா விடிந்ததிலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். போன மாதம்தான் கீழ்நிரையில் யாரோ, கங்காணி மருமகளுக்கு ஒரு நாயம் நமக்கு ஒரு நாயம் என்று காது படச் சொல்லியிருந்தார்கள்.

ரெங்கம்மா செடியின் மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். குழந்தைக்காரிகள் இருவரையும் போகச் சொன்னாள். பிறகு தயானி பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"கல்லு நெர அடுத்த மாசம் போவட்டும்."

"மாமி, இந்த மாசந்தான் நாளு" என்றாள் தயானி, மெதுவாக.

"மலையில மாமி யாரு? நெரையப் பாரு."

தயானிக்கு முகம் சூடாகியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்ச அவளுக்கு வரவில்லை. கூடையை இழுத்து முதுகில் சரிசெய்துகொண்டு பாறையைச் சுற்றி ஏறினாள்.

அடுத்த மாதம் கிளினிக் நாளில் வெசாக் விடுமுறை விழுந்தது. ஸஜீதா ஒரு நாள் லயத்துக்குத் தேடி வந்தபோது தயானி மலையில் இருந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு அஜந்தன் வந்தான். காவடி, கரகம், லவுட்ஸ்பீக்கர், வீடு நிறைய விருந்தாள். ஐந்து மாதம் கழித்து வந்த புருசன். எல்லோரும் படுத்த பிறகு அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, படிக்கப் போகிற பொண்டாட்டிக்கென்று வாங்கி வந்த கைப்பையை எடுத்து நீட்டினான். ஊசி தவறியதைச் சொல்ல நினைத்திருந்தவள் அப்போது சொல்லவில்லை.

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் அவளுக்குத் தேயிலை வாசமே ஆகாமல் போனது.

மருந்துச்சாலையில் ஸஜீதா சோதித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பதுளைக்காரர். வேலை தொடங்கிய நாளிலிருந்து இந்த மலைகளில்தான் ஏறி இறங்குகிறார்.

"என்ன தயானி இது. நீங்க ஒரு நாளும் தவறாத ஆளாச்சே. ஊசி சும்மாதானே தாறோம்?"

"ஊசி சும்மாதான் மிஸ். மலையில இருந்து எறங்கி வாறதுதான் சும்மா இல்ல."

ஏன் என்று ஸஜீதா கேட்டார். தயானி அரைப்பேர் விசயத்தைச் சொன்னாள். இத்தனை நாளும் வராதவர்களைப் பார்த்து, அக்கறை இல்லாத பொம்பளைகள் என்று தான் ஏசியிருப்பதாகவும், எவளும் வாய் திறந்து இதைச் சொன்னதில்லை என்றும் ஸஜீதா சொன்னார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"பிள்ள வேணாம்ன்ற யோசன ஏதும் ஈக்கா?" என்று கவனமாகக் கேட்டார். "அங்க இங்க போய் எதையாச்சும் குடிச்சிராதீங்க. உசிருக்கே ஆபத்து."

"இல்ல மிஸ். பிள்ள வேணாம்னு நான் என்னைக்கும் சொல்லல. எப்ப வேணும்னு நான் சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது முனியாண்டிக் கல் திருப்பத்தில் மட்டும்தான். அங்கே நின்று அஜந்தனுக்கு எடுத்தாள். விசயத்தைச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் யாரோ இரும்புக் கம்பி அறுக்கும் சத்தம் கேட்டது.

"படிப்பு?" என்றான் முதலில்.

தயானிக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஆம்பிளைப் பிள்ளையா இருக்குமோ என்றுதான் ஆரம்பித்திருப்பான். இவன் கேட்டது அவளுடைய படிப்பை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்ல" என்றான் பிறகு.

"திருவிழாவுக்கு வந்த மனுசங்கிட்ட என்னத்தச் சொல்ல? தள்ளிப் படுங்கன்னா?"

"சொல்லியிருந்தா பவிஷாவ நடுவுல போட்டிருப்பேன்" என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு, எந்த வருடமானாலும் சரி, நீ படிக்கப் போற ஆறு மாதமும் நான் மலைக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பேன் என்றான். முதலாளியிடம் இன்றைக்கே சொல்லி வைப்பதாகவும் சொன்னான்.

மாமியிடம் சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று மாலை மழைத் தூறல். ரெங்கம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தயானி அம்மியில் கட்டச்சம்பல் அரைத்தாள். ஈர விறகு புகைந்தது. பவிஷா மாவு உருண்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் ரெங்கம்மாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல சேதிதானே. அதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? படிப்பு எங்க போகுது?"

தயானி அம்மிக் குழவியை நிறுத்தவில்லை. "அக்டோபர்ல போக முடியாது மாமி."

ரெங்கம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கிளினிக்கைப் பற்றி அவளுக்கு எப்போதுமே நல்ல பேச்சு வராது. இப்போதும் வரவில்லை. இரண்டாவது மகன் அஜந்தனைப் பெற்று மூன்றாம் மாதம் அவளையும் மற்றப் பெண்களையும் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதையை எடுத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒரு சேலையும் கொஞ்சம் காசும் கையில் கொடுத்து, கருத்தடை ஆப்பரேஷன் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து லயத்தில் இறக்கினார்கள். மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அவள் மனதில் இருந்தது. அந்தச் சேலையை அவள் கட்டவே இல்லை.

"கிளினிக்குன்னா இன்னைக்கும் எனக்கு அந்த லொறிச் சத்தந்தான் கேக்கும்" என்றாள். "நமக்குப் பிள்ள வேணுமா வேணாமான்னு அவனுங்க யாரு சொல்றதுக்கு?"

தயானி குழவியை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்களக் கேக்காம கொண்டு போனாங்க மாமி. நான் கேட்டேன், விடல. ரெண்டும் ஒண்ணுதான்."

அடுப்பில் ரொட்டி கருகியது. ரெங்கம்மா அதை எடுக்கவில்லை. பவிஷாதான் "அப்பாயி, ரொட்டி" என்றாள். தயானி எழுந்து வந்து கருகின ரொட்டியை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தட்டிப் போட்டாள். சாப்பிடும்போது ரெங்கம்மா சம்பலை மருமகளின் தட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள்.

அடுத்த கிளினிக்குக்கு முந்திய நாள் பெரட்டுக்களத்தில் ரெங்கம்மா நல்லையாவின் முன்னால் போய் நின்றாள். நாளைக்குத் தன் கூட்டத்தில் நான்கு பேர் கிளினிக் போகிறார்கள், நான்கு பேருக்கும் முழுப் பேர் போட வேண்டும் என்றாள். நல்லையா கெட்டவர் இல்லை. துரைக்குப் பயந்தவர். அப்படி ஒரு பழக்கமே இல்லை, இன்றைக்கு இவர்களுக்குப் போட்டால் நாளைக்குப் பல்வலிக்காரனும் கேட்பான் என்றார்.

"ஒங்களுக்கு ஆளு வேணுமா, கிலோ வேணுமா ஐயா?" என்று கேட்டாள் ரெங்கம்மா.

"கிலோதான் வேணும். ஆள வச்சு நான் என்ன பண்ண?"

"அப்ப அவளுக கிலோ நிறுவைக்கு வரும். கொறஞ்சா என் பேர வெட்டுங்க."

பெரட்டுக்களமே திரும்பிப் பார்த்தது. கங்காணி ஒருத்தி தன் பேரை வெட்டச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. நல்லையா தொப்பியைக் கழற்றி மாட்டினார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

மறுநாள் மலையில் ரெங்கம்மா வேலையைப் பிரித்த விதம் புதிது. கிளினிக் போகிற நான்கு பேரும் பத்து மணி வரைக்கும் பறித்துவிட்டு, தங்கள் கொழுந்துச் சாக்கை நிரைத் தலைப்பில் சவுக்கு மரத்தில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மற்றவர்கள் அவர்களுடைய நிரைகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தன் கூடை நிறைந்து கொட்ட வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் அந்தச் சாக்குகளில் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் தன் சாக்கில் கொட்ட வேண்டும். இன்றைக்கு அவளுக்கு, அடுத்த மாதம் உனக்கு.

"கங்காணி, ஒங்க மருமக நெர?" என்று வேண்டுமென்றே கேட்டாள் காமாட்சி. அந்த நான்கு பேரில் கர்ப்பிணிப் பதிவுக்குப் போகிற தயானியும் ஒருத்தி.

"கல்லு நெரய நான் பறிக்கிறேன்."

ரெங்கம்மா மட்டக்கம்பைக் கீழே வைத்துவிட்டுப் செடி கீறாமல் கட்டும் படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கங்காணியான பிறகு அவள் கூடை மாட்டியதில்லை. பாறையைச் சுற்றி அவள் ஏறியபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிரை எவ்வளவு செங்குத்து என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். இறங்கி வந்தவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து கல்லு நிரை முறை வைத்து எல்லோருக்கும் வந்தது.

பகலில் நிறுத்துப் பார்த்தபோது ஆளில்லாத நான்கு சாக்கும் ஆளுள்ள சாக்குகளைவிடக் கனத்தன. நல்லையா தராசை இரண்டாவது தடவை பார்த்தார். முழுப் பேர் போட்டார்.

தயானி அந்த வாரமே பதுளைக்குப் பஸ் ஏறினாள். யாரையாவது விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் தானே போனாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இந்த வருடம் வர முடியாது, எனக்குப் படிக்க மனமில்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்று பயிற்சி அலுவலகத்தில் மேசைக்கு எதிரே நின்று சொன்னாள். இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, அடுத்த வருடம் மறுபடி நேர்முகத்துக்கு வா என்றார்கள். ஓய்வுக்குப் போக இருந்த அம்மா இன்னும் ஒரு வருடம் இருந்து தருவதாகச் சொன்னார். திரும்பும் வழியில் பசறைச் சந்தியில் பவிஷாவுக்கு மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கினாள். வீட்டுக்கு வந்து, அஜந்தன் கொடுத்த கைப்பையைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மாசியில் பதுளை ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. சிவந்த, கோபக்காரப் பிள்ளை. ரெங்கம்மா அதைக் கையில் வாங்கியவள் வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. லயத்துக்கு வந்ததும் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டினாள். மடிப்புக் கலையாத சேலை. தயானிக்கு அது எந்தச் சேலை என்று தெரிந்தது.

அந்த வருடம் முழுக்க ரெங்கம்மாவின் கூட்டத்தில் கிளினிக்குக்குத் தவறியவர்கள் இல்லை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலும் சாக்கு மாட்டத் தொடங்கினார்கள். இந்த மலையில் மட்டும் நான் வீடு தேடி அலைவதில்லை, எனக்கு முன்னால் அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஸஜீதா மடுல்சீமைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னாராம். காமாட்சி மட்டும் தனக்கு இனி ஊசி வேண்டாம், வயது போய்விட்டது என்றாள். ஆனாலும் மற்றவர்களின் சாக்கில் எல்லோரையும் விட அதிகமாக அள்ளிப் போட்டது அவள்தான். டொலர் பிறந்த வருடத்தில் இந்தச் சாக்கு இருந்தும் பயனில்லை, ஊசியே இல்லையே என்பாள். இப்போது இரண்டும் இருக்கிறது, விடாதீங்கடி என்பாள்.

தயானி மறுபடி நேர்முகத்துக்குப் போனாள். மறுபடி தெரிவு செய்தார்கள். அஜந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கொழும்புக் கடையிலிருந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்து, மடுல்சீமையில் மர்ஸூக் நானாவின் கடையில் சேர்ந்தான். சம்பளம் குறைவு. ஆனால் மாலையில் வீட்டுக்கு வரலாம். வார இறுதியில் பதுளையிலிருந்து வரும் பொண்டாட்டியைச் சந்தியில் போய்க் கூட்டி வரலாம். அதை அவன் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னான்.

பயிற்சிக்குப் போவதற்கு முந்திய கிளினிக். தயானி மலைக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பத்து மணிக்குச் சாக்கை மரத்தில் மாட்டிவிட்டு இறங்கினாள். மருந்துச்சாலையில் ஸஜீதா ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கினார்.

"ஊசியா, கையில தோலுக்கடியில வைக்கிற மருந்துக் கூடா? ஊசின்னா மூணு மாசம். கூடுன்னா வருசக்கணக்கு. இடையில பிள்ள வேணும்னா எடுத்துறலாம். நீங்கதான் சொல்லணும்."

"கூடு" என்றாள் தயானி. யோசித்து வைத்திருந்த பதில்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் மேலே ஏறி வந்தபோது பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. தேயிலைக்கு நடுவே வரும் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க நின்றாள். நிறுவைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், இந்தத் தோட்டத்துப் பழக்கம் தெரியாதவன். மரத்தில் மாட்டியிருந்த சாக்கை இறக்கித் தராசில் தொங்கவிட்டான். கனத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

"இது யாரோட கொழுந்து? ஆளு எங்க?"

நல்லையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரெங்கம்மா மட்டக்கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆளு கிளினிக்குல இருக்கு. கொழுந்து இங்க இருக்கு. முழுப் பேரு போடு."

"போடுறேன். யாரு ஆளுன்னு சொல்லணும்ல?"

பெண்கள் கூடையைக் கவிழ்த்தபடியே ரெங்கம்மாவைப் பார்த்தார்கள். காமாட்சி கையில் அள்ளிய கொழுந்தோடு அப்படியே நின்றாள். குறுக்குப் பாதையில் தயானியும் நின்றாள். கல்லு நிரை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் கல்லு நிரை இப்போது எல்லோருக்கும் முறை வைத்து வருகிறது, அது யாருடைய பேரும் இல்லை.

ரெங்கம்மா தலைத் துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"தயானி. என் மருமக" என்றாள், மலை கேட்கும்படி.